நாளைய கண்டுபிடிப்புகளும் நம் இளைஞரும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று சங்கச் செயலாளர் பணித்தார். கல்வியின் சிறப்பைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். அதனை நம் பெரியோர் பலரும் எழுதியிருப்பர். ஆகவே, என் பள்ளியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு விடையாக வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிக் காட்ட விழைகிறேன்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1928இல் சர் சி. வி. இராமன் தம் ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை அறிவித்த நாள் அது. அந்நாளில் பத்தாம் வகுப்பு மாணவரிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து, “வருங்காலத்தில் எது கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?” என்று எழுதச் சொன்னேன். ஐப்பசி மழை பொய்த்தாலும் கருகாத உளுந்து விதை வேண்டும் என்றான் ஒருவன். உப்புத் தண்ணீரைச் செலவில்லாமல் குடிநீராக்கும் குடம் வேண்டும் என்றாள் ஒருத்தி. பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காதபடி ஓர் இயந்திரம் வேண்டும் என்றாள் இன்னொருத்தி. அவளுடைய மாமா நகரத்தில் அவ்வேலை செய்கிறார். ஒரு மாணவன் மட்டும் வெறுந்தாளைத் திருப்பித் தந்தான். காரணம் கேட்டேன். “கண்டுபிடிக்கிறவங்க எல்லாம் வேற ஆளுங்க சார். நாம எங்க கண்டுபிடிக்கப் போறோம்?” என்றான்.

அவன் சோம்பேறியல்லன், வகுப்பில் கணக்கில் முதல்வன். அந்த வெறுந்தாள் என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையையே இங்கு எழுதுகிறேன்.

கரிசலும் நிலக்கடலையும்

முதலில் நம் காலடி மண்ணிலிருந்து தொடங்குவோம். புதூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும்; மழை பெய்தால் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னர்ச் சிறுகச் சிறுகப் பயிருக்கு ஊட்டும். இம்மண்ணின் இயல்பை ஆராய்வதற்காகவே 1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண்மை ஆய்வுப் பண்ணை தொடங்கப்பெற்றது. பருத்தி, சோளம், உளுந்து ஆகியவற்றில் இப்பூமிக்கேற்ற இரகங்கள் அங்கே உருவாயின. மழைக்கு முன்னரே விதைத்தல், வறட்சியைத் தாங்குமாறு விதையைக் கடினப்படுத்துதல் ஆகிய முறைகளும் அங்கே ஆராயப்பட்டன. உளுந்து விதை கேட்ட மாணவனின் கனவு, அவன் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சியே என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

நம் முன்னோர் பருத்தியோடும் சோளத்தோடும் உளுந்தையும் பாசிப்பயற்றையும் தட்டாம்பயற்றையும் ஊடுபயிராக இட்டனர். பயறு வகைகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கின்றன என்று அறிவியல் அறிஞர் கண்டறிந்தது 1880களில்தான். பலனைக் கண்டவர் நம் பாட்டனார். காரணத்தைக் கண்டு ஏட்டில் எழுதியவர் வேறு நாட்டார். எழுத்து மறுக்கப்பட்ட கைக்கும் எழுத்து வாய்த்த கைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இதே பருத்தி, இதே பயறு பற்றிய வரலாறு ஒன்று அமெரிக்காவிலும் உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் அடிமைத் தாயின் வயிற்றில், 1864ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்து நேரில் சென்றபோது, கறுப்பர் என்பதனால் திருப்பி அனுப்பப்பட்டார். சலவை செய்து பிழைத்துக்கொண்டே மீண்டும் படித்தார். ஐயோவா வேளாண் கல்லூரியில் 1894இல் இளநிலைப் பட்டமும், 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே, கறுப்பின மக்களுக்கென நடத்தப்பட்ட டஸ்கிகி கல்வி நிலையத்தில் ஆசிரியரானார்.

அங்கே அவர் கண்டது என்ன? பருத்தியையே ஆண்டுதோறும் பயிரிட்டுச் சாரமிழந்த நிலம். அந்நிலத்தில் வாரத்துக்கு உழுது கடனில் மூழ்கிய தம் மக்கள். பருத்திக்கு மாற்றாக நிலக்கடலையும் தட்டாம்பயறும் பயிரிடுமாறு அவர் கற்பித்தார். உழவர் பள்ளிக்கு வர இயலாதாகையால், 1906இல் ஒரு குதிரை வண்டியையே நடமாடும் வேளாண் பள்ளியாக்கி ஊர் ஊராக அனுப்பினார். நிலக்கடலையை உணவாக்கும் 105 வழிகளை விளக்கும் சிறு வெளியீட்டை 1916இல் அச்சிட்டார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தோமல்லவா? அக்கடலையைக் கொண்டு ஓர் ஒடுக்கப்பட்ட இனத்தின் உழவரைக் கடனிலிருந்து மீட்க முயன்ற அறிஞர் ஒருவர் இருந்தார் என்பதையும் நினைவிற் கொள்க.

ஒருவேளை உணவும் ஒரு சமன்பாடும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேகநாத் சாகா 1893 அக்டோபர் 6ஆம் நாள், டாக்கா அருகே சியோராத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தைக்குச் சிறிய மளிகைக் கடை. சாதி அடுக்கில் கீழ் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். ஊரில் தொடக்கப்பள்ளி மட்டுமே உண்டு, மேற்படிப்புக்கு வழியில்லை. வேற்றூரில் இருந்த ஒரு மருத்துவர் தம் இல்லத்தில் தங்க இடமும் உணவும் அளித்ததனால் மேலே படித்தார். 1905இல், வங்காளப் பிரிவினையை எதிர்த்து மாணவர் நடத்திய புறக்கணிப்பில் பங்கு கொண்டமைக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையையும் இழந்தார். வேறு பள்ளியில் சேர்ந்து படித்துக் கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார்.

அங்கே ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அவருக்கு ஆசிரியர். ஆயினும் மாணவர் விடுதியில், உயர்சாதி மாணவர் சிலர் அவரோடு ஒரே பந்தியில் உண்ண மறுத்தனர். அந்த மாணவரே 1920இல், விண்மீன்களின் வெப்பநிலைக்கும் அவற்றின் ஒளிநிரலில் தோன்றும் கோடுகளுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் சமன்பாட்டை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அது சாகா சமன்பாடு என்றே வழங்கப்படுகிறது. பந்தியில் இடமில்லை என்று சொன்னவர் பெயரை இன்று அறிவார் இல்லை.

இவ்வரலாற்றில் அந்த மருத்துவர் தந்த இடத்தையும் உணவையும் மறந்துவிடலாகாது. அவை இல்லையேல் அச்சமன்பாட்டுக்கு வேறொருவர் பெயர் அமைந்திருக்கும். 1956இல் காமராசர் நம் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தாரே, அச்சோற்றின் பொருளும் இதுவே. நம் சங்கத்தின் பணியும் இதுவே.

சாகா விண்மீன்களோடு நின்றுவிடவில்லை. வெள்ளத்தின் கொடுமையை இளமையிலேயே கண்டவர் அவர். 1943இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்து அழிவு செய்தபோது, ஆற்றை முழுவதுமாகத் திட்டமிட்டு அடக்க வேண்டும் என்று வாதாடியோருள் அவர் முதன்மையானவர். அக்காலத்தில் அரசுப் பிரதிநிதியின் ஆட்சிக் குழுவில் தொழிலாளர் துறையோடு நீர்ப்பாசனம், மின்னாற்றல் ஆகியவற்றையும் கவனித்தவர் யார்? 1942 முதல் 1946 வரை அப்பொறுப்பை வகித்தவர் அண்ணல் அம்பேத்கரே. 1927இல் மகாத்தில் பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக மக்களைத் திரட்டிச் சென்ற அதே கை, தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தை உருவாக்குவதிலும் முன்னின்றது. 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டப்படி அமைந்தது. அண்ணலைச் சட்டமேதை என்று மட்டுமே அறிந்த நம் இளைஞர், ஆறுகளையும் மின்சாரத்தையும் பற்றித் திட்டமிட்டவர் அவர் என்பதையும் அறிதல் வேண்டும்.

கண்டுபிடிப்பு மட்டும் போதுமா?

அறிவியல் வளர்ந்தால் சாதி தானே ஒழியும் என்று சொல்வோர் உண்டு. நானும் இளமையில் அவ்வாறே நம்பினேன். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

நீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்கு, வளைந்த குழாயுடன் கூடிய அமைப்பு 1775இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது. ஆனால் நம் நாட்டில் மனிதக் கழிவை மனிதர் அள்ளும் கொடுமையைத் தடை செய்ய 1993இல்தான் சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. இடையில் 218 ஆண்டுகள்! கருவி இல்லாமையா காரணம்? அள்ளுவதற்கு ஒரு சாதி இருக்கும்போது கருவி எதற்கு என்னும் மனமே காரணம். சாக்கடையில் இறங்கி இறந்தோர் குடும்பத்துக்கு இழப்பீடு பத்து இலட்சம் என 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. அப்போதும் மரணங்கள் நின்றபாடில்லை என்பதே அதன் பொருள். கேரளத்து இளம் பொறியாளர் சிலர் சாக்கடையைத் தூர்வாரும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 2018இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர். என் மாணவி கேட்ட இயந்திரம் இருக்கிறது. அது அவளுடைய மாமாவின் தெருவுக்கு வந்து சேரவேண்டும்.

நம் வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலும் இதே பாடத்தைச் சொல்லும். வெண்பாஸ்பரசால் தீக்குச்சி செய்த காலத்தில் தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரசைக் கொண்டு செய்யும் முறை 1844இல் சுவீடனில் கண்டறியப்பட்டது. எனினும் இந்தியாவில் வெண்பாஸ்பரசுத் தீக்குச்சியைத் தடை செய்யும் சட்டம் 1913இல்தான் வந்தது. கண்டுபிடித்தல் ஒருவகை உழைப்பு. கண்டதை எளியோர் கைக்குக் கொண்டுவருதல் மற்றொரு வகை உழைப்பு. நம் இளைஞர் இரண்டையும் மேற்கொள்ள வேண்டும். துன்பத்தை அறிந்தவன் ஆய்வுக்கூடத்தில் இருந்தால்தான், எந்தத் துன்பத்தை முதலில் தீர்ப்பது என்ற கேள்வி அங்கே எழும்.

என் தவறு ஒன்று

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், அறிவியலில் சிறந்த மாணவன் ஒருவன், மேல்நிலையில் எந்தப் பிரிவில் சேரலாம் என்று என்னிடம் கேட்டான். அவன் வீட்டு நிலையை எண்ணி, “அறிவியல் பிரிவு உனக்குச் சுமையாகும், எளிதானதை எடுத்துக்கொண்டு விரைவில் ஒரு வேலைக்குப் போ” என்றேன். இரக்கம் என்று எண்ணியே சொன்னேன். அவன் இன்று சரக்கு லாரி ஓட்டுகிறான். இயந்திரத்தைப் பிரித்துச் சீர்செய்வதில் அவனுக்கு நிகர் இவ்வட்டாரத்தில் இல்லை என்கின்றனர். வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி வணங்குகிறான். ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. வெறுந்தாள் தந்த மாணவனின் சொல்லைக் கேட்டபோது, அச்சொல்லை அவன் போன்றோர்க்குக் கற்பித்தவருள் நானும் ஒருவன் என்று உணர்ந்தேன்.

இளைஞர்களே! காலம் மாறி வருகிறது. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன். பட்டயப் படிப்பில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தவர். 2024ஆம் ஆண்டு, அறிவியல் நாளான அதே பிப்ரவரி 28இல், நம் தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கயத்தாற்றில் காற்றாலைகள் சுழல்கின்றன. இவற்றுக்கெல்லாம் கல் சுமக்கவும் காவல் இருக்கவும் மட்டும் நம் பிள்ளைகள் போகக்கூடாது.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்து அறிவியல் பிரிவில் சேரும் நம் பிள்ளைகளுக்கு இரண்டாண்டுக்கும் நூல், பயணச் செலவு, தனிப்பயிற்சி ஆகியவற்றைச் சங்கம் ஏற்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை அவர்களைக் கோவில்பட்டி ஆய்வு நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். படித்து வேலை பெற்றோர், ஆளுக்கொரு மாணவருக்கு அந்த டாக்கா மருத்துவரைப் போல் துணை நிற்க வேண்டும். மூன்றாவதில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்க.

அந்த மாணவனின் வெறுந்தாள் என் மேசையில் இன்னும் இருக்கிறது. இக்கட்டுரை அச்சானதும் இரண்டையும் சேர்த்து அவனிடம் கொடுப்பேன். சங்கத்தின் பொன்விழா மலருக்குள் அத்தாளில் எழுத அவனுக்கு ஏதேனும் ஒன்று கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வளர்க நம் கல்விப் பணி!