மானிப்பாய் மருந்தறைப் பாடசாலை

பயிற்சி என்றதும் நம்மவர் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது சான்றிதழ். ஆசிரியர்களாகிய நாமும் சேவைக்காலப் பயிற்சிக்குச் சென்று, வரவிடாப்பிற் கையொப்பமிட்டு, மதிய உணவுப் பொட்டலத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய நாட்கள் உண்டு. தொழில் செய்பவன் தொழிற்களத்திலேயே இடையறாது கற்றுவருவது வேறு காரியம். அதற்கு யாழ்ப்பாணத்திலே ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது.

1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனின் மருத்துவராக இங்கு வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. வட்டுக்கோட்டையில் தொடங்கிய அவரது பணி மானிப்பாயில் நிலைகொண்டது. 1848 முதல் அவர் நம் இளைஞரைச் சேர்த்து மருத்துவம் பயிற்றினார். கொழும்பிலே மருத்துவப் பாடசாலை தோன்ற இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. லண்டனில் நைற்றிங்கேல் அம்மையாரின் தாதியர் பயிற்சிப் பாடசாலை திறக்கப்பட்டதும் 1860இல்தான்.

கிறீன் வந்தது சமயம் பரப்ப என்பதை மறைத்தல் சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்களை ஏட்டிற் காத்த பரம்பரை இங்கு முன்னரே இருந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் மானிப்பாயில் நடந்தது புதியது. நோயாளி வந்து நிற்கும் மருந்தறையே வகுப்பறையாயிற்று. புண்ணைக் கழுவிய கையே புத்தகத்தைப் புரட்டியது.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலம் கற்ற மருத்துவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகம் அவனைக் கிராமத்திலிருந்து அழைத்துச் சென்றது. தாம் பயிற்றியவர்கள் ஊரிலே தங்கவேண்டும் என்பது கிறீனின் விருப்பம். 1857இல் விடுமுறையிற் சென்று 1862இல் மீண்ட அவர், இனித் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பதென்று துணிந்தார்.

இதைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் கொண்டாடிவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனமில்லை. தமிழிற் கற்றவனுக்கு அரசாங்கச் சம்பளம் எட்டாது. ஆங்கிலத்தை விரும்பிய இளைஞனைப் பழிப்பதற்கு நாம் யார்? அவன் வீட்டிலும் உலை கொதிக்கவேண்டுமே! தாய்மொழியிற் கற்றவனுக்குச் சம்பளமில்லை என்ற நிலையை உண்டாக்கியது குடியேற்ற ஆட்சி. அதன் பாரத்தைச் சுமந்தவன் மாணவன். ஆனால் கிறீனின் பக்கத்திலும் வலுவான நியாயம் இருந்தது. 'நெஞ்சு அடைக்குது', 'வயிறு பொருமுது' என்று சொல்லி நிற்கும் குடியானவனின் நோயைக் கேட்டறிபவன், அந்த மொழியிலேயே நோயைச் சிந்திக்கவும் பழகியிருக்கவேண்டும்.

பாடநூல் இல்லையே என்ற சாட்டு அவரிடம் செல்லவில்லை. இரணவைத்தியம் 1867இலும், கிறே என்பாரின் உடற்கூற்று நூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் அச்சேறின. கலைச்சொல் வேண்டியபோது முதலில் தமிழ் வழக்கை நாடினார், அடுத்து வடமொழியை, இரண்டும் கைவிட்டால் ஆங்கில ஒலியையே தமிழாக்கினார். 'கெமிஸ்தம்' என்ற சொல் இன்று நமக்குச் சிரிப்பூட்டலாம். ஆனால் அதைப் படித்தவன் கண்ணாடிக் குழாயைக் கையிலெடுத்தான்; பெயரைப் பற்றி வாதாட அவனுக்கு நேரமிருந்திராது.

இம்முயற்சியில் நம்மைப் பெரிதும் கவர்வது வேறொன்று. டான்வர்த், சப்மன் முதலிய பழைய மாணவர்கள் மருத்துவராகித் தொழில் செய்துகொண்டே மொழிபெயர்ப்பிலும் கைகொடுத்தார்கள். நேற்று பாடம் கேட்டவன் இன்று பாடநூல் ஆக்கினான். ஆக்கும்போது தானும் மறுபடி கற்றான். பயிற்சி பெற்று வெளியேறியவர் தொகை 60ஐத் தாண்டும். அவர்களுட் பலர் தொழிலுக்குப் போனபின் வெளிவந்தவையே இந்நூல்கள். பட்டம் பெற்ற நாளோடு அவர்களுடைய படிப்பு முடிந்துவிடவில்லை.

1873இல் கிறீன் நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். மானிப்பாய் வகுப்புகள் தளர்ந்தன. 1870இல் ஆங்கிலத்தில் தொடங்கிய கொழும்புப் பாடசாலையின் வழியே நாட்டின் வழியாயிற்று. கிறீனோ மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் இருந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து மாணவருக்கும் ஆசிரியருக்குமிடையே கப்பலேறிப் போய்வந்த அந்தத் தாள்கள் 1884இல் அவர் கண்மூடும்வரை நிற்கவில்லை.