ஃபோர்டு: வந்தான், போனான், மறுபடி வந்தான், மறுபடி போனான்

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா கடைப்பக்கம் வர முடியலை. இப்ப ஊர்ல உக்காந்து எழுதறேன். ஊர்னா வேங்கிக்கால். திருவண்ணாமலைல கலெக்டர் ஆபீஸ் இருக்கற பக்கம். இன்னிக்கு மேட்டர் கார். அதுவும் அமெரிக்கக் கார். ஆனா கதை முக்கால்வாசி நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுலதான் நடக்குது, அதனால தைரியமா படிக்கலாம்.

திருவண்ணாமலைலேர்ந்து செஞ்சி, திண்டிவனம் வழியா சென்னைக்கு பஸ் ஏறினவங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டு தாண்டி சிங்கப்பெருமாள் கோயில் வர்றப்பதான் பாதி பஸ் முழிச்சுக்கும். அடுத்தது மறைமலை நகர். வேதாசலம்ங்கற சொந்தப் பேரையே தமிழாக்கி மறைமலைன்னு மாத்திக்கிட்டவர் அந்த அடிகளார். அவர் பேர்ல இருக்கற ஊருக்கு நம்மாளுங்க 20 வருஷமா சொன்ன அடையாளம் 'ஃபோர்டு கம்பெனி'. என்ன செய்யறது :-)

அந்தக் கம்பெனில கார் செய்யறது 2022 ஜூலையோட நின்னு போச்சு. "ஃபோர்டு நல்ல வண்டிதான், ஆனா..."ன்னு ஒரு டயலாக் நம்ம ஊர்ல ரொம்ப பிரபலம். பெட்ரோல் பங்க், டீக்கடை, கல்யாண மண்டபம், எங்க போனாலும் கேட்டிருப்பீங்க. அந்த 'ஆனா'வுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போனது இது முதல் தடவை இல்லை, ரெண்டாவது. ஹென்றி ஃபோர்டு அமெரிக்காவுல கம்பெனி ஆரம்பிச்சது 1903. அடுத்த வருஷமே கனடாவுல ஒரு கிளை. பிரிட்டனையும் அயர்லாந்தையும் விட்டுட்டு மத்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க கார் விக்கற உரிமை அந்தக் கனடா கிளைக்குத்தான். சாம்ராஜ்யத்துக்குள்ளயே சரக்கு போனா சுங்க வரி குறைச்சல், அந்தக் கணக்கு. நாமளும் அப்ப சாம்ராஜ்யத்துல ஒரு ஓரம்தானே. அதனால 1926-ல இந்தியாவுல ஃபோர்டு கம்பெனி ஆரம்பிச்சது டெட்ராய்ட் இல்லை, கனடாக்காரன். ரெண்டு வருஷம் கழிச்சு, 1928-ல, ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்ல கடை திறந்தான். ரெண்டு பேரும் செஞ்ச வேலை ஒண்ணுதான். பார்ட் பார்ட்டா பெட்டியில வர்றதை இங்க பூட்டி விக்கறது.

நம்ம கிராமத்துப் பெருசுங்க காரை 'பிளஷர்'னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. சொந்த சுகத்துக்கு ஓட்டற வண்டி, வாடகைக்கோ சரக்குக்கோ இல்லைன்னு அர்த்தம். அந்த பிளஷர்கள்ல நிறைய இந்தப் பெட்டியில வந்த அமெரிக்க வண்டிங்கதான்.

சுதந்திரம் வந்தப்புறம் அரசாங்கம் ஒரு கேள்வி கேட்டுச்சு. இங்கயே பார்ட்ஸ் செஞ்சு இங்கயே கார் தயாரிக்கற திட்டம் இருக்கா, இல்லை பூட்டி மட்டும்தான் விப்பியா? 1953-ல டாரிஃப் கமிஷன் அறிக்கை வந்துச்சு. தயாரிப்புத் திட்டம் இருக்கறவன் இருக்கலாம், மத்தவன் கிளம்பலாம். நாட்டுல மொத்தமா விக்கற காரே கொஞ்சூண்டு, இதுக்குப் போய் ஃபேக்டரியான்னு ஃபோர்டும் ஜி.எம்.மும் மூட்டையைக் கட்டிட்டாங்க. இருந்து செய்யறோம்னு சொன்னவங்க இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், நம்ம சென்னை ஸ்டாண்டர்டு மாதிரி ஆளுங்க. அதுக்கப்புறம் 40 வருஷம் அம்பாசடர், ஃபியட்டு, நடுவுல மாருதி. அது தனிக் கதை.

ரெண்டாவது ஆட்டம் 1995. தாராளமயம் வந்து கதவு திறந்தாச்சு. மகிந்திராவோட பாதிப் பாதி கூட்டு போட்டு 'மகிந்திரா ஃபோர்டு'ன்னு வந்தாங்க. 1996-ல எஸ்கார்ட்டுனு ஒரு காரை நாசிக்ல பூட்டி வித்தாங்க. அது ஐரோப்பாவுல ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் எண்ணிக்கிட்டு இருந்த வண்டி. இந்தியாக்காரன்தானே, இது போதும்னு நினைச்சிருப்பாங்க போல. நம்மாளுங்க அப்படி ஒண்ணும் மயங்கலை.

இதுக்கு நடுவுல, ஃபேக்டரி எங்கன்னு மாநிலங்களுக்குள்ள பெரிய போட்டி. தமிழ்நாடு சலுகைகளைக் கொடுத்து இழுத்துச்சு. மறைமலை நகர் பக்கம் சுமார் 350 ஏக்கர். 1998-ல ஃபோர்டு பங்கை 72 சதவீதமா ஏத்திக்கிட்டு பேரையும் ஃபோர்டு இந்தியான்னு மாத்தியாச்சு. 1999-ல ஃபேக்டரி திறந்தாச்சு. இருங்காட்டுக்கோட்டைல ஹூண்டாய் அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ஆரம்பிச்சிருந்தான். சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்'னு சொல்ற பழக்கம் இந்த ரெண்டு பேராலயும்தான் சூடு பிடிச்சுது. ஆனா பாருங்க, ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல, ஒரே ஊர்ல, ஒரே மாதிரி சலுகையோட ஆரம்பிச்சாங்க. ஹூண்டாய் மொதல் வண்டியா கொடுத்தது சான்ட்ரோ. சின்னக் கார், குடும்பக் கார். ஃபோர்டு கொடுத்தது ஐகான். பின்னாடி டிக்கி வச்ச பெரிய கார். எனக்கென்னவோ பாதிக் கதை அங்கயே முடிவாயிடுச்சுன்னு தோணுது.

ஐகான் 1999 நவம்பர்ல வந்துச்சு. எஸ்கார்ட்டுல கத்துக்கிட்ட பாடம், இதை நம்ம ஊரை மனசுல வச்சே செஞ்சாங்க. பின் சீட்டுல தலைக்கு நல்ல இடம், தலைப்பாகை கட்டினவரும் நிமிர்ந்து உக்காரலாம். 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம். 1.6 லிட்டர் ராக்கம் இன்ஜின் இருக்கே, அதை ஓட்டினவங்க இன்னிக்கும் அதைப் பத்தி பேச ஆரம்பிச்சா பஸ்ஸை மிஸ் பண்ணிடுவோம். மிதிச்சா போகும், வளைவுல ரோட்டை விடாது, கதவை மூடினா 'தொப்'புனு கனமா ஒரு சத்தம். மெக்சிகோ, தென்னாப்பிரிக்கான்னு ஏத்துமதியும் ஆச்சு.

'நல்ல வண்டிதான்' ஆரம்பிச்சது ஐகான்ல. 'ஆனா' ஆரம்பிச்சதும் அதே ஐகான்லதான். பெட்ரோல் குடிக்கும். பார்ட்ஸ் விலை ஜாஸ்தி. மாருதின்னா எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கிட்டுப் பிரிப்பான், ஃபோர்டுன்னா "சார், நீங்க டவுன்ல காட்டிடுங்க"ம்பான். ஒரு சின்ன பீஸ் உடைஞ்சா முழு செட்டையும் மாத்தணும். கண்ணாடி விரிசல் விட்டா கண்ணாடி, கூடு, மோட்டார் எல்லாம் சேர்த்து பில். இந்தப் பேரு ஒரு தடவை ஒட்டினா ஒட்டினதுதான். அதுக்கப்புறம் வந்த ஃபியஸ்டா, ஃப்யூஷன், எண்டவர் எல்லாம் இந்தப் பேரைச் சுமந்துக்கிட்டே ஓடுச்சு.

கம்பெனிக்கும் இது தெரிஞ்சிருக்கு. 2010 மார்ச்ல ஃபிகோ வந்தப்ப ஆரம்ப விலை 3.49 லட்சம். அதைவிட முக்கியமான விஷயம் வேற. அந்த முழு செட் சமாசாரத்தைப் பிரிச்சு, உள்ள இருக்கற சின்னச் சின்ன பீஸைத் தனித்தனியா விக்க ஆரம்பிச்சாங்க. சர்வீஸ்ல இதுக்கு 'சைல்டு பார்ட்'னு பேரு. கண்ணாடி போச்சா, கண்ணாடி மட்டும் வாங்கு. நம்ம பொட்டி தட்டற பாஷைல சொன்னா, ஒரு வரி தப்புக்கு முழு ரிலீஸையும் மறுபடி இன்ஸ்டால் பண்ணாம பேட்ச் கொடுக்கற மாதிரி. ஃபிகோ ஓடினதுக்கு விலை பாதிக் காரணம், இது மீதிக் காரணம்னு நான் சொல்லுவேன். 2011-க்கான 'இந்த ஆண்டின் இந்தியக் கார்' விருதும் அதுக்குத்தான்.

அதுக்காக ஃபிகோ தங்கம்னு சொல்ல வரலை. 2013 செப்டம்பர்ல பின் சக்கர அச்சுக்கும் பவர் ஸ்டீயரிங் குழாய்க்கும் சேர்த்து 1,66,021 வண்டியைத் திரும்பக் கூப்பிட்டாங்க. ஃபிகோவும் ஃபியஸ்டா கிளாசிக்கும். 2014 ஜனவரில குளோபல் என்கேப் ஏர்பேக் இல்லாத ஃபிகோவை மோத விட்டுப் பார்த்தப்ப ஜீரோ ஸ்டார். அன்னிக்கு ஆல்டோ, நானோ, ஐ10, போலோ எல்லாமே ஜீரோதான். ஃபிகோவும் போலோவும் கூடு தாங்குச்சு, ஏர்பேக் இருந்திருந்தா உள்ள இருக்கறவங்களுக்கு அடி குறைஞ்சிருக்கும்னு அந்த அறிக்கையே சொல்லுச்சு. "ஃபோர்டு இரும்பு மாதிரி கனம்"னு சொல்றவங்க இதையும் சேர்த்துப் படிக்கணும். கனம் மட்டும் உசுரைக் காப்பாத்தாது.

அப்புறம் 2013 ஜூன்ல ஈகோஸ்போர்ட். நாலு மீட்டருக்குள்ள அடங்கினா வரி கம்மி, அந்த அளவுக்குள்ள ஒரு குட்டி ஜீப்பு மாதிரி உயரமா ஒரு வண்டி. பின் கதவுல ஸ்டெப்னி. மாசக்கணக்குல காத்திருந்து வாங்கினாங்க. அந்த ரகத்துக்கு நம்ம ஊர்ல மவுசு ஏத்தி விட்டதே இதுதான். இதுல ஒரு சுவாரசியம், 2018-லேர்ந்து அமெரிக்காவுல வித்த ஈகோஸ்போர்ட் மறைமலை நகர்ல செஞ்சது. அமெரிக்கக் கம்பெனி காரை நம்ம செங்கல்பட்டுப் பசங்க பூட்டி அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. 1926 பெட்டி அப்படியே தலைகீழா திரும்பிப் போயிருக்கு.

இந்த நல்ல காலத்துலதான் பெரிய சறுக்கல். 100 கோடி டாலர் போட்டு குஜராத் சனந்துல 2015-ல இன்னொரு ஃபேக்டரி. ரெண்டும் சேர்ந்தா வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல கார் செய்யலாம். யாரு வாங்கறது? ஈகோஸ்போர்ட் போட்ட ரோட்டுல 2016-ல பிரெஸ்ஸா, 2017-ல நெக்ஸான், 2019-ல வென்யூன்னு ஒவ்வொருத்தனா வந்துட்டான். ஈகோஸ்போர்ட்டுக்கு முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டாங்க, உள்ளே அதே வண்டி. ஷோரூம்ல புது மாடல் இல்லைன்னா ஆள் வரமாட்டான், இது என்ன பெரிய ராக்கெட் சயின்ஸா? 2020-21 நிதியாண்டுல நாட்டுல வித்த 100 காருல ரெண்டுகூட ஃபோர்டு இல்லை. மகிந்திராவோட மறுபடி கூட்டுன்னு 2019 அக்டோபர்ல அறிவிச்சு, 2020 டிசம்பர் 31-ல அதையும் கைவிட்டாங்க.

2021 செப்டம்பர் 9. இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு அறிவிப்பு. 10 வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம், சுமார் 4,000 பேர் வேலை பாதிக்கும்னு கணக்கு சொன்னாங்க. சனந்துல கார் ஃபேக்டரியை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கிட்டான். மறைமலை நகரை யாரும் வாங்கலை. அங்க இருந்த 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் ஒரு வருஷ சர்வீசுக்கு எத்தனை நாள் சம்பளம் இழப்பீடுன்னு மாசக்கணக்குல பேசினாங்க, 2022 ஜூன்ல வேலையை நிறுத்திப் போராடினாங்க. ஐ.டி.ஐ. முடிச்சு 20 வயசுல உள்ள போய், 40 வயசுல வெளிய வர்றவனுக்கு அடுத்த கம்பெனி என்ன வேலை கொடுக்கும்? பக்கத்துலயே பத்து கார் கம்பெனி இருக்கேன்னு சுலபமா சொல்லலாம். அங்கெல்லாம் கேக்கறது 20 வயசுப் பசங்களை, அதுவும் காண்ட்ராக்ட்ல. நாளைக்கே நம்ம பிராஜெக்டை மூடினா நமக்கு லிங்க்ட்இன் இருக்கு. அவங்களுக்கு இருந்தது அந்த கேட் மட்டும்தான்.

வண்டி வச்சிருந்தவங்க கதை வேற மாதிரி. 10 லட்சத்துக்கு மேல வாடிக்கையாளர்கள், சர்வீஸ், பார்ட்ஸ், வாரண்டி எல்லாம் தொடரும்னு கம்பெனி சொல்லுச்சு. ஆனா செகண்ட் ஹாண்ட் விலை அறிவிப்பு வந்த வாரமே இறங்கிடுச்சு. வித்தவனுக்கு வயித்தெரிச்சல், வாங்கினவனுக்கு யோகம். என் சித்தப்பா யோகக்காரர் கட்சி. 2022-ல பழைய ஃபிகோ டீசல் ஒண்ணு வாங்கினார். சித்தி, "கம்பெனியே ஓடிப் போச்சு, இதைப் போய் வாங்கிட்டு வந்து நிக்கறீங்களே"ன்னு ரெண்டு நாள் பேசலை. சித்தப்பா என்கிட்ட சொன்ன கணக்கு இது: "டேய், ஃபில்டரு, இன்ஜெக்டரு, பிரேக்கு இதெல்லாம் வெளிக் கம்பெனிக்காரன் செய்யறது. ஃபோர்டு இருந்தாலும் அவன் விப்பான், போனாலும் விப்பான். பம்பரு, லைட்டு, கதவு இதுங்கதான் கஷ்டம். அதுக்கு இடிக்காம ஓட்டணும், அவ்ளோதானே?" அவர் இப்ப கிரிவலப் பாதைல 20-க்கு மேல போறதில்லை. பௌர்ணமின்னா வண்டியை வெளியவே எடுக்கறதில்லை.

பழைய ஃபோர்டு வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு அந்தக் கணக்கு பரவாயில்லாத கணக்குதான். கூடவே, உங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபோர்டு பிரிக்கத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரான்னு முதல்ல பாருங்க, அப்புறம் வண்டியைப் பாருங்க. டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு பில்லோட கேளுங்க. பில் இல்லைன்னா மாத்தலைன்னே வச்சுக்கிட்டு விலை பேசுங்க.

கம்பெனி முழுசா ஓடிப் போச்சுன்னு சித்தி சொல்றதும் சரியில்லை. கார் செய்யறதுதான் நின்னுச்சு. 2024 செப்டம்பர்ல முதல்வர் ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்தப்ப பேசினதுக்குப் பின்னாடி, மறைமலை நகரை ஏத்துமதிக்காகத் திறக்கறோம்னு ஃபோர்டு கடிதம் கொடுத்தப்ப, தமிழ்நாட்டு ஆபீஸ்கள்ல 12,000 பேர் வேலை பார்க்கறதா சொன்னாங்க. எல்லாம் நம்மளை மாதிரி பொட்டி தட்டற கோஷ்டி. ஸ்பேனர் பிடிச்சவன் வெளிய, கீபோர்டு பிடிச்சவன் உள்ள.

2025 அக்டோபர் 31-ல ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2,35,000 இன்ஜின், 600 பேருக்கு மேல வேலை, உற்பத்தி 2029-ல. இன்ஜின் மட்டும்தான், கார் கிடையாது. சித்தப்பாகிட்ட போன்ல சொன்னேன். "2029-ஆ? அதுவரைக்கும் என் பம்பர் தாங்கும்டா"ன்னு வச்சிட்டார்.