‘ரைட்’ என்னும் சொல்லும் சீன மொழியும்

‘ரைட்’ என்னும் ஆங்கிலச் சொல் வலப்பக்கம், சரி, நேர்மை, உரிமை எனப் பல பொருள் தருவது. அயல்மொழி கற்பிக்கப் பெய்ஜிங்கில் 1862-இல் தொடங்கப்பெற்ற தொங்வென்குவான் பள்ளியில் ஆங்கிலம் பயின்ற சீன மாணவர்க்கு இப்பொருள்கள் ஒரே சொல்லில் அடங்குபவை அல்ல. வலப்பக்கத்திற்கும் நேர்மைக்கும் அவர்தம் மொழியில் தனித்தனிச் சொற்கள் உண்டு. சட்டம் காக்கும் உரிமைக்கோ நிலைபெற்ற சொல் இல்லை.

இக்குறையை நிரப்பியவர் பின்னாளில் அப்பள்ளிக்குத் தலைமையேற்ற அமெரிக்கச் சமயப் பணியாளர் வில்லியம் மார்ட்டின் ஆவார். ஹென்றி வீட்டனின் பன்னாட்டுச் சட்டநூலைச் சீனத்தில் பெயர்த்து 1864-இல் வெளியிட்ட அவர், உரிமையைச் ‘சுவான்லி’ என்றார். ‘சுவான்’ அதிகாரம், ‘லி’ ஆதாயம். பண்டைய ‘சுன்சி’ நூலிலோ இத்தொடர், சான்றோர் மயங்கலாகாத ஆசைப்பொருளைச் சுட்டுவது.

இம்முரணை உணர்ந்த மொழிபெயர்ப்பறிஞர் யென் ஃபூ, 1902-இல் லியாங் சிச்சாவுக்கு எழுதிய மடலில் இச்சொல்லை மறுத்து, நேர்மைப் பொருள்தரும் ‘சி’ என்பதைப் பரிந்துரைத்தார். எனினும், வழக்கில் வேரூன்றிய சொல்லை அவரால் பெயர்க்க இயலவில்லை. 1982-ஆம் ஆண்டுச் சீன அரசமைப்பும் குடிமக்கள் உரிமையைச் ‘சுவான்லி’ என்றே குறிக்கின்றது. ஆங்கிலத்தில் அறத்தோடு உறவுகொண்ட உரிமை, சீனத்தில் ஆதாயத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.