வாட்டர் வாஷ் முடிஞ்சதும் லாரி எஞ்சின் 'மிஸ்' அடிக்குதா? காரணம் என்ன, கண்டுபிடிப்பது எப்படி?

ஆயுத பூஜை வந்தாலும் சரி, எஃப்.சி. தேதி நெருங்கினாலும் சரி, லாரிகளும் குட்டி யானைகளும் முதலில் போய் நிற்பது வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில்தான். வண்டி பளபளன்னு வெளியே வரும். ஆனால் சில வண்டிகளில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் உதறும், இழுவை இருக்காது, டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரியும்.

காலையில் நல்லா ஓடிய வண்டிக்கு திடீர்னு என்ன ஆச்சு? உடனே காயில், இன்ஜெக்டர் என்று பார்ட்ஸ் மாற்ற வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் சில விஷயங்களில் அவசரப்பட்டால் செலவு பல மடங்காகும். உயிருக்கே ஆபத்தும் வரலாம்.

மிஸ் அடிப்பது என்றால் என்ன?

எஞ்சினில் உள்ள ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவதுதான் 'மிஸ்ஃபயர்'. நான்கு பேர் தூக்கும் சுமையில் ஒருவர் கையை விட்டால் எப்படி ஆடுமோ, அப்படித்தான் எஞ்சினும் ஆடும்.

உதறல் இல்லாமல் வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் அது மிஸ்ஃபயர் இல்லாமலும் இருக்கலாம். ஏதோ ஒரு சென்சார் தவறான தகவல் கொடுத்ததால், எஞ்சினைப் பாதுகாக்க கம்ப்யூட்டரே சக்தியைக் குறைக்கும் 'லிம்ப் மோட்' ஆக இருக்கலாம்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

மழையில் ஓடும் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும் அழுத்தம் சில பார்தான். சர்வீஸ் ஸ்டேஷன் பம்பில் அது 100 பார் வரைகூடப் போகும். கனெக்டர்களில் இருக்கும் ரப்பர் சீல் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். பக்கத்தில் வைத்து அடிக்கும் ஜெட்டை எல்லா சீலும் தாங்காது. 'ஐபி 67' தரம் என்பது 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கான சோதனைதான். உயர் அழுத்த ஜெட்டுக்கு 'ஐபி 69கே' என்று தனிச் சோதனையே இருக்கிறது.

எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு சிக்கல். சூடான கனெக்டர் மீது குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது சீல் வழியாகத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பெட்ரோல், சிஎன்ஜி மினி டிரக்: ஸ்பார்க் பக்கம் பாருங்க

பிளக்குக்குப் போகும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட். பிளக் இருக்கும் குழியில் தண்ணீர் தேங்கினால், மின்சாரம் பிளக் முனையில் பொறி விடாமல் ஈரத்தின் வழியே எஞ்சின் பாடிக்கு ஓடிவிடும். காயில் பூட்டிலோ பிளக் வயரிலோ ஏற்கனவே மெல்லிய விரிசல் இருந்தால் மிஸ் அடிக்க வாய்ப்பு அதிகம். அதாவது, பல வண்டிகளில் தண்ணீர் புதுசா எதையும் உடைப்பதில்லை. பழைய விரிசலைக் காட்டிக் கொடுக்கிறது.

சிஎன்ஜி வண்டிகளில் இது சீக்கிரம் தெரியும். பெட்ரோலைவிட சிஎன்ஜி பற்றுவதற்கு அதிக வோல்டேஜ் தேவை. சிஎன்ஜியில் உதறி, பெட்ரோலுக்கு மாற்றியதும் ஓரளவு சரியாக ஓடினால், முதல் சந்தேகம் ஸ்பார்க் மீதுதான்.

எந்த சிலிண்டர்? கண்டுபிடிக்கும் முறை

* ஸ்கேனர் மாட்டிப் பாருங்க. 'பி0301' என்றால் முதல் சிலிண்டர், 'பி0302' என்றால் இரண்டாவது. 'பி0300' என்றால் ஒரே சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி மிஸ் ஆகிறது என்று அர்த்தம். கோடை அழிக்கும் முன் குறித்து வைப்பது முக்கியம்.
* எஞ்சினை அணைத்து, ஆறிய பிறகு காயிலைக் கழற்றுங்க. குழியில் தண்ணீர் இருந்தால் முதலில் காற்றடித்து வெளியேற்றணும். அதற்கு முன் பிளக்கைக் கழற்றினால் தண்ணீரும் மண்ணும் சிலிண்டருக்குள் விழும்.
* உலர்த்திய பிறகும் மிஸ் ஆனால், அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்க. மிஸ்ஸும் கூடவே போனால் காயில் போச்சு. அதே இடத்தில் நின்றால் பிளக், இன்ஜெக்டர் கனெக்டர் என்று அடுத்து பார்க்கணும்.
* பிளக் வயர் உள்ள வண்டியை இருட்டில் ஓடவிட்டு, தொடாமல் தள்ளி நின்று பார்த்தால், மின்சாரம் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும்.

டீசல் லாரி: பிளக்கே இல்லையே, பிறகு ஏன்?

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடாகும் காற்றில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆனால் இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் எப்போது, எவ்வளவு டீசல் தெளிப்பது என்பதை கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பிஎஸ்-6 வண்டிகளில் சென்சார்களும் வயர்களும் இன்னும் அதிகம்.

இன்ஜெக்டர் கனெக்டர், கிராங்க் சென்சார், கேம் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், இசியூ கனெக்டர் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கணும். 'பி0201' முதல் வரும் கோடுகள் இன்ஜெக்டர் வயரிங்கையும், 'பி0335' கிராங்க் சென்சாரையும், 'பி0340' கேம் சென்சாரையும் காட்டும். கனரக லாரிகள் சிலவற்றில் கோட் வேறு வடிவில் வரும்.

பழைய பம்ப் வகை டீசல் எஞ்சினில் இந்த வயரிங் இல்லை. அங்கே டீசல் டேங்க்கில் தண்ணீர் இறங்கியதா, ஏர் ஃபில்டர் நனைந்ததா, டீசல் லைனில் காற்று பிடித்ததா என்று பார்க்கணும். எஞ்சின் ஓடும்போது சூடான பம்ப் மீது குளிர்ந்த தண்ணீர் அடித்தால் பம்பே ஜாம் ஆகிவிடலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

பழைய லாரிகளில் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்வது மெக்கானிக்குகளின் வழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அந்தப் பைப்பில் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகும். ஊசி முனை போல வரும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும். வெளியே சின்னப் புள்ளி மாதிரி தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. விரலையே இழக்க நேரிடலாம்.

அதற்குப் பதில் ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாக சோதனை செய்யலாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களில், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பார்த்தாலும் தெரியும். வேலை செய்யாத சிலிண்டரின் பக்கம் மட்டும் சூடு குறைவாக இருக்கும்.

ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் கனெக்டரையோ பிளக் வயரையோ பிடுங்குவதும் வேண்டாம். ஷாக் அடிக்கும்; இசியூவும் பாதிக்கப்படலாம்.

எப்போது வண்டியை நிறுத்தியே ஆகணும்?

* பெட்ரோல், சிஎன்ஜி வண்டியில் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிடும். காயில் விலையைவிட அதன் விலை பல மடங்கு அதிகம்.
* செல்ஃப் அடித்தால் 'டக்' என்று நின்றுவிட்டால். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். காற்றைப் போல் தண்ணீர் சுருங்காது. மீண்டும் மீண்டும் செல்ஃப் அடித்தாலோ, தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வாஷ் முடிந்த சில நிமிடங்கள் சைலன்சரில் வெள்ளையாக ஆவி வருவது சாதாரணம். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கவனிக்கணும்.

உலர்த்துவது எப்படி?

கேபினைச் சாய்த்து அல்லது பானட்டைத் திறந்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து குறைந்த அழுத்தத்தில் காற்றடிக்கலாம். பின்னில் பச்சை நிறம் படிந்திருந்தால் அது துரு. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யணும். வாஷ் முடிந்து சில நாள் கழித்து மிஸ் தொடங்கினால் பெரும்பாலும் இந்தத் துருதான் காரணம். ஈரம் போக்கும் ஸ்பிரேக்கள் தீப்பிடிக்கும் தன்மை கொண்டவை என்பதால் சூடான எஞ்சின் மீது அடிக்க வேண்டாம்.

அடுத்த முறை வாஷ் செய்யும் முன்...

எஞ்சின் ஆறட்டும். இசியூ, ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், காயில் ஆகியவற்றை பிளாஸ்டிக் கவரால் மூடுங்க. எஞ்சின் மீது ஜெட் வேண்டாம். பிரஷ்ஷும் மெதுவாக ஊற்றும் தண்ணீரும் போதும். ஆட்ப்ளூ உள்ள லாரியில் எஞ்சினை அணைத்த உடனே மெயின் சுவிட்சை ஆஃப் செய்யாமல் ஓரிரு நிமிடம் காத்திருக்கணும். குழாயில் மீதமிருக்கும் ஆட்ப்ளூவை சிஸ்டம் திரும்ப இழுத்துக்கொள்ள அந்த நேரம் தேவை.

உலர்த்திய பிறகும் மிஸ் நிற்கவில்லை என்றால் லோடு ஏற்றாமல் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவது நல்லது. எப்போது வாஷ் செய்தது, அதற்கு முன்பே லேசான உதறல் இருந்ததா, என்ன கோட் வந்தது என்ற மூன்றையும் மெக்கானிக்கிடம் சொன்னால், தேவையில்லாத பார்ட்ஸ் செலவு பெருமளவு குறையும்.