வானலையில் வந்த நண்பர்: அமீன் சயானி

வள்ளுவப் பெருந்தகை இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும், சொல்வன்மைக்கு மற்றோர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். இனிமையாகப் பேசுவோர் பலர் உண்டு. வன்மையாகப் பேசுவோரும் பலர் உண்டு. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்து, அவற்றுடன் எவரையும் புண்படுத்தாத நகைச்சுவையும் கூடுவது அரிது. அத்தகைய அரிய பேறு பெற்றிருந்த ஒருவர் 2024 பிப்ரவரி 20 அன்று, தம் 91-வது வயதில், மும்பையில் மறைந்தார். அவரே வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி.

தமிழ்ச் சங்க மலரில் இந்தி அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வடபுலத்தில் பிழைப்புத் தேடி வந்து, நாகபுரியிலே வேரூன்றிய நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்தி மொழியை அடிக்காமலும் அதட்டாமலும் கற்றுக் கொடுத்த ஆசிரியர் அவரே. பள்ளிக்கூடம் பார்த்திராத நம் அன்னையர் பலருக்கு அவருடைய குரலே பள்ளிக்கூடம். ஆசிரியருக்கு நன்றி சொல்வது தமிழர் மரபு அன்றோ?

இளமையும் தாயார் தந்த மொழியும்

அமீன் சயானி 1932 டிசம்பர் 21 அன்று மும்பையில் பிறந்தார். அவருடைய தாயார் குல்சும் சயானி, முதியோர் கல்விக்காக உழைத்த பெருமாட்டி. காந்தியடிகளின் விருப்பப்படி ‘ரஹ்பர்’ என்னும் இதழை அவ்வம்மையார் நடத்தினார். எளிய ஹிந்துஸ்தானி மொழியில் அமைந்த அவ்விதழ் தேவநாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளிலும் அச்சாயிற்று. புதிதாக எழுத்தறிந்தோரும் தடுமாறாமல் படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சிறுவன் அமீன் அன்னைக்குத் துணையாக அவ்விதழின் வேலைகளைச் செய்தான். கடினமான சொல்லை விலக்கி எளிய சொல்லைத் தேடும் பழக்கம் அங்கேதான் அவனுக்குப் படிந்தது. பிற்காலத்தில் பண்டிதரும் பாமரரும் ஒருங்கே சுவைத்த அவருடைய நடைக்கு ஊற்றுக்கண் அதுவே எனலாம்.

தமையனார் ஹமீத் சயானி ஆங்கில அறிவிப்பாளராகப் புகழ் பெற்றவர். அவர் கைப்பிடித்தே இளையவர் அகில இந்திய வானொலியின் மும்பை நிலையத்துள் நுழைந்தார். தொடக்கத்தில் ஆங்கில நிகழ்ச்சிகளே அவருக்கு வாய்த்தன. இந்தி அறிவிப்பாளராகும் ஆசையுடன் குரல் தேர்வுக்குச் சென்றபோது, உச்சரிப்பில் குஜராத்தி வாடையும் ஆங்கில வாடையும் வீசுகின்றன என்று சொல்லி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்தச் செய்தியை நம் காலனிப் பிள்ளைகள் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். ‘க’ என்ற ஒரே எழுத்தைக் கொண்டு நான்கு ஒலிகளைச் சமாளிக்கும் நாம், இந்தி பேச வாய் திறந்தவுடன் எதிரே இருப்பவர் முறுவலிப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். பள்ளியில் அவ்வாறு சிரிப்புக்கு ஆளாகி, வீட்டில் வந்து அழும் சிறுவர் இன்றும் உண்டு. உச்சரிப்புச் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞரே பின்னர் அம்மொழிக்கு நாடு முழுவதும் குரலாக விளங்கினார். இதைக் காட்டிலும் பெரிய ஆறுதல் அச்சிறுவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

தேர்வில் தவறியவர் சோர்ந்துவிடவில்லை. இலங்கை வானொலிக்காக மும்பையில் ஒலிப்பதிவான ‘ஓவல்டீன் புல்வாரி’ நிகழ்ச்சியில் விளம்பரம் படிக்கும் வாய்ப்புக் கிட்டிற்று. அதற்கு அவர் பெற்ற ஊதியம் வாரம் ஒரு சிறு டப்பா ஓவல்டீன்! இதை அவரே பிற்காலத்தில் சிரித்தபடி சொல்லி மகிழ்வார்.

இலங்கையிலிருந்து வீசிய காற்று

இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளின் தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை, கொழும்பிலிருந்து படைவீரர்களுக்காக வானொலி நடத்திற்று. போர் முடிந்தபின் அதன் ஆற்றல் மிக்க 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிற்று. அந்த அலைகள் கடலைத் தாண்டி, விந்தியத்தையும் தாண்டி வடநாடெங்கும் பரவின.

அதே காலத்தில் இந்தியாவில் ஒரு மாறுதல் நிகழ்ந்தது. 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் அவர்கள் சாஸ்திரீய சங்கீதத்தில் பற்று மிக்கவர். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கும் என்று கருதியவர். திரைப்பாட்டுக்குரிய நேரம் குறைந்தது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று அதுவும் நின்றது. சினந்த படத் தயாரிப்பாளர்கள் தங்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. வீட்டில் சமைக்காத பண்டத்தை அடுத்த வீட்டில் கேட்பது போல, மக்கள் இலங்கையின் பக்கம் முள்ளைத் திருப்பினர்.

தமிழர்களாகிய நமக்கு இலங்கை வானொலி அயலாரன்று. எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் தமிழ் அறிவிப்புக்குத் தமிழகமே செவிசாய்த்தது. தெற்கே தமிழில் நிகழ்ந்த அந்த அதிசயமே வடக்கே இந்தியில் அமீன் சயானி வாயிலாக நிகழ்ந்தது. ஒரே கோபுரத்தின் இரு விளக்குகள் அவை.

பினாகா கீத்மாலா

1952 டிசம்பர் 3, புதன்கிழமை. பினாகா பற்பசையின் பெயரால் ‘பினாகா கீத்மாலா’ என்னும் பாட்டு மாலை முதன்முறையாக ஒலித்தது. கூலி குறைவு, வேலை அதிகம் என்று மூத்தவர்கள் ஏற்கத் தயங்கிய பணி அது. நிகழ்ச்சியை எழுதுவதும், பேசுவதும், வரும் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதும் ஆக எல்லாவற்றுக்கும் வாரம் 25 ரூபாய். இருபது வயது நிரம்பவிருந்த அமீன் அதை ஏற்றார்.

ஏழு பாடல்களை முறை மாற்றி ஒலிபரப்பி, அவற்றைச் சரியான வரிசையில் அமைத்து எழுதும் நேயருக்கு 100 ரூபாய் பரிசு என்று அறிவித்தனர். சில நூறு கடிதங்கள் வரலாம் என்று எண்ணியிருந்த இடத்தில், முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்து குவிந்தன. பின்னர் அது வாரத்துக்கு 65,000 வரை பெருகிற்று. 25 ரூபாய்க்கு இத்தனை கடிதங்களையும் ஒருவர் பிரிப்பது எங்ஙனம்? ஆகவே போட்டி நின்று, பாடல்களை மக்கள் விருப்பப்படி வரிசைப்படுத்தும் முறை வந்தது. இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கருத்தையும் கொண்டு அவ்வரிசை அமைந்தது.

நேயர் மன்றம் என்றவுடன் ஜும்ரி தெலையா நினைவுக்கு வரும். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்து அபிரகச் சுரங்க ஊர் அது. ஊருக்குரிய ரயில் நிலையத்தின் பெயர் கோடர்மா. கிராண்ட் கார்டு பாதையில் வண்டி ஓட்டிய நம்மவர் அறிந்த இடம். பாட்டுக் கேட்டு எழுதிய கடிதங்களாலேயே அச்சிற்றூரின் பெயரை நாடு முழுவதும் அறிந்தது.

நிகழ்ச்சி மும்பையில் நாடாவில் பதிவாகி, விமானத்தில் கொழும்பு சென்று, அங்கிருந்து காற்றில் ஏறி, மீண்டும் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மும்பையிலிருந்து நாகபுரிக்கு இரவு வண்டியில் வந்துவிடக்கூடிய குரல், கொழும்பு வழியாகச் சுற்றி வந்தது! சரக்கை இப்படிச் சுற்றுப் பாதையில் அனுப்பினால் எங்கள் இலாகா கணக்குக் கேட்கும். ஆயினும் நேயர்கள் எவரும் தாமதம் என்று புகார் எழுதியதாகத் தெரியவில்லை.

நகைச்சுவையின் திறம்

அவருடைய பேச்சில் எங்கே ஒளிந்திருந்தது அந்தக் கவர்ச்சி? முதலாவது, அழைப்பு. “பெஹனோ ஔர் பாயியோ” என்று சகோதரிகளை முன்னே வைத்தே அவர் அழைப்பார். தாய்மார்களே என்று தொடங்கும் நம் மேடைத் தமிழோடு பழகிய காதுக்கு அது அந்நியமாக ஒலிக்கவில்லை. அடுத்து, தம்மை ‘உங்கள் நண்பன்’ என்று சொல்லிக்கொள்வார். ஆணையிடும் குரலும், செய்தி ஓதும் குரலும் கேட்டுப் பழகிய காலத்தில், திண்ணையில் அமர்ந்து பேசும் குரல் ஒன்று கேட்டால் யார்தான் நாற்காலியை அருகே இழுத்துப் போடமாட்டார்?

இரண்டாவது, உவமை. பாடலின் இடத்தை எண் என்று வறட்டுத்தனமாகச் சொல்லாமல் ‘பாய்தான்’ என்றார். பாய்தான் என்றால் படி. பாடல்கள் படியேறின, சறுக்கின, ஒன்றையொன்று முந்தின, சென்ற வாரம் மேலே நின்றது இந்த வாரம் இரண்டு படி இறங்கி மூச்சு வாங்கிற்று. உயிரற்ற பட்டியலுக்கு உயிர் வந்தது. உச்சியில் நிற்கும் பாட்டு வரும்போது மன்னர் வருகைக்கு ஊதுவது போலக் கொம்பு முழங்கும். ரயில் பெட்டியின் வாயிற்படிக்கும் பாய்தான் என்றே பெயர். ஆகையால் எங்கள் காலனிப் பெரியவர் ஒருவர், “டிக்கெட் இல்லாத பாட்டுதான் பதினாறாம் படியில் தொங்குகிறது” என்று வாரந்தோறும் சொல்லிச் சிரிப்பாராம்.

மூன்றாவது, கேலியின் வரம்பு. ‘எஸ். குமார்ஸ் கா ஃபில்மி முகத்மா’ என்னும் நிகழ்ச்சியில் திரைநட்சத்திரங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது போல நிறுத்தி, விளையாட்டாக வழக்கு நடத்தினார். குற்றம் சாட்டப்பட்டவரும் சிரித்தபடியே இறங்குவார். நான் கேட்ட அளவில் ஒருவருடைய பிறப்பையோ, மொழியையோ, உருவத்தையோ சுட்டி அவர் சிரிப்பு மூட்டியதில்லை.

தம்மையே கேலி செய்துகொள்ளவும் அவர் தயங்கியதில்லை. 1960-களின் இறுதியில், முன்னறிவிப்பு இன்றிக் குரல் தேர்வுக்கு வந்த நெடிய இளைஞர் ஒருவரைப் பார்க்க நேரமில்லை என்று திருப்பி அனுப்பினார். அவ்விளைஞரே அமிதாப் பச்சன். அதை நினைவுகூரும்போது, நடந்தது இருவருக்கும் நன்மையே என்பார்: அன்று அவரைச் சேர்த்திருந்தால் தாம் வீதிக்கு வந்திருப்போம், அவருக்கோ வானொலி வேலை குவிந்து, திரையுலகம் தன் பெரிய நட்சத்திரத்தை இழந்திருக்கும் என்று.

நம் வீடுகளில்

1970-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்த என் தாயாருக்கு இந்தியில் ஒன்று, இரண்டு கூடத் தெரியாது. வாயில் வந்த காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டியே வியாபாரம் நடக்கும். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அப்பா வால்வு ரேடியோவின் முள்ளைத் திருப்ப, பச்சைக் கண் சுருங்கி விரிய, பதினாறாம் படியிலிருந்து முதற்படி வரை எண்ணிக்கை இறங்கி வரும். அவ்வாறு கேட்டுக் கேட்டே பதினாறு எண்களும் அம்மாவுக்குப் பாடமாயின. ஒருநாள் கத்தரிக்காய் விலை மிகுதி என்று தோன்றவே, “பையா, ஒரு பாய்தான் இறங்கி வாருங்கள்” என்று இந்தியில் சொல்லிவிட்டார்களாம். வண்டிக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்து, விலையையும் குறைத்தார். அம்மா இந்தியில் சொன்ன முதல் நகைச்சுவை அது. மொழி தெரிந்தது என்பதற்குப் பொருள் கூட்டலும் கழித்தலும் அன்று. அம்மொழியில் ஒருவரைச் சிரிக்க வைக்க முடிவதே என்பதை அன்றே அம்மா உணர்ந்துகொண்டார்கள்.

நம்மவர் பெருமை கொள்ளவும் அந்தப் பட்டியலில் இடமிருந்தது. 1964-ஆம் ஆண்டின் முதற்பாடல் ‘சங்கம்’ படத்துப் பாடல்; 1966-இல் ‘சூரஜ்’ படத்துப் பாடல். இரண்டிலும் நாயகி சென்னையில் பிறந்து வளர்ந்த நம் வைஜயந்திமாலா.

பின்னாளில்

அகில இந்திய வானொலியும் மக்கள் மனத்தை உணர்ந்து 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கிற்று. 1967 நவம்பர் 1 முதல் மும்பை, புனே, நாகபுரி நிலையங்களில் விளம்பர ஒலிபரப்பு வந்தது. நம் நகரும் அப்பெருமையில் பங்கு கொண்டது. கீத்மாலா பின்னர் ‘சிபாகா’ என்று பெயர் மாறி, 1988 வரை இலங்கையிலிருந்தும், 1989 முதல் 1994 வரை விவித பாரதியிலிருந்தும் ஒலித்தது. நான் சிறுவனாகக் கேட்டது இக்காலத்தில்தான். 1975-இல் தமையனார் மறைந்தபின், அவர் நடத்திய ‘போர்ன்விடா’ வினாடி வினாவையும் இளையவரே ஏற்று நடத்தினார். 2009-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

இன்று பாட்டுக் கேட்க முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை. புதன்கிழமைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நினைத்த பாட்டு நினைத்த கணத்தில் கைப்பேசியில் ஒலிக்கிறது. ஆனால் அவரவர் காதுக்கு அவரவர் பாட்டு என்று ஆகிவிட்டபின், ஒரு வீட்டில் அனைவரும் ஒரே நேரத்தில் சிரிக்கும் சிரிப்பு அருகிவிட்டது. அதை மீட்டுத் தருவதற்குத்தான் நம் சங்கத்தின் ஆண்டு விழாவைப் போன்ற கூட்டங்கள் இருக்கின்றன.

நம் பிள்ளைகள் தமிழைப் பிழையின்றிப் பேசட்டும். இந்தியையும் அச்சமின்றிப் பேசட்டும். ஒருவேளை உச்சரிப்பைக் கேட்டு எவரேனும் நகைத்தால், ஒரு டப்பா ஓவல்டீன் ஊதியத்தில் தொடங்கிய அந்த மனிதரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கீழ்ப்படியில் நிற்பவர்க்கு மேற்படி தொலைவில் இல்லை.