ஒட்டுத் தகடுகளின் வரலாறு: பெங்களூரும் லிபரேட்டர் விமானங்களும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருவது ஹெப்பகோடி. அதை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் உலோகத் தகட்டை வெட்டுவதும் வளைப்பதும் அன்றாடத் தொழில். ஊருக்கு வடக்கே, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், எச்ஏஎல் விமான நிலையம் இருக்கிறது. தெற்கே, மாநில எல்லையைக் கடந்தால், 1990களில் தனேஜா நிறுவனம் இத்தாலிய உரிமத்துடன் பி-68 என்னும் சிறு விமானங்களைக் கட்டிய பெலகொண்டப்பள்ளி ஓடுதளம்.

இந்த வட்டாரத்தின் விமானத் தொழில் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உருவாக்கத்தையே பேசுகின்றன. 1951இல் பறந்த எச்டி-2 பயிற்சி விமானமும் 1961இல் பறந்த மாருத் போர் விமானமும் அவ்வரலாற்றின் மைல்கற்கள். ஆனால் இத்தொழில் வேரூன்றியது பழுதுபார்ப்பில்தான். கிழிந்த தகட்டை வெட்டியெடுத்து மாற்றுத் தகடு பொருத்திய அனுபவம், புது விமானம் வடிக்கும் துணிவுக்கு முந்தியது.

வால்சந்த் ஹிராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் ஆதரவாலும் 1940 டிசம்பரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அதன் நோக்கம் விமானம் கட்டுவதே. அமெரிக்க வடிவமைப்பான ஹார்லோ பயிற்சி விமானம் 1941இல் இங்கு ஒருங்கிணைக்கப்பட்டுப் பறந்தது. ஆனால் ஜப்பான் போரில் இறங்கியபின் நிலைமை மாறியது. பர்மா முனையில் அடிபட்ட விமானங்களைச் செப்பனிட அருகில் ஓர் இடம் தேவைப்பட்டது. 1942இல் நிர்வாகத்தை இந்திய அரசு ஏற்றது. 1943இல் ஆலை அமெரிக்க விமானப்படையின் பொறுப்புக்குச் சென்றது. கட்டுமானக்கூடம் செப்பனிடும் கூடமாயிற்று. நீரில் இறங்கவல்ல கேட்டலினா விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்திறங்கி, அங்கிருந்து ஆலைக்கு இழுத்துச் செல்லப்பட்டன.

போர் முடிந்தபின் வந்த பணியே இவ்வனுபவத்தின் உண்மையான சோதனை. பிரிட்டிஷ் விமானப்படை கிழக்கு முனையில் பயன்படுத்திய பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள், அமெரிக்காவின் கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் வந்தவை. போருக்குப்பின் அவற்றைத் திருப்பித் தரவேண்டும், அல்லது பயன்படாதவாறு ஆக்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வாறு ஒதுக்கப்பட்டவை கான்பூரில் வெட்டவெளியில் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் சிதைவு பகைவரால் நேர்ந்ததன்று; மீண்டும் பறக்கக்கூடாது என்பதற்காக உடைமையாளரே விளைவித்தது. அதன்மேல் வெயிலும் மழையும் தம் பங்கைச் செய்தன.

விடுதலை பெற்ற நாட்டிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. 1948இல் அந்தச் சிதைவுகளை மீட்கும் பணி பெங்களூர் ஆலையிடம் வந்தது. பணி இரண்டு கட்டமாக நடந்தது. முதற்கட்டத்தில், கான்பூரிலேயே ஒவ்வொரு விமானமும் ஒரே ஒரு பயணத்தைத் தாங்கும் அளவுக்குச் செப்பனிடப்பட்டது. ஆலையின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி அவற்றை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் ஓட்டிப் பெங்களூருக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் கட்டத்தில் முழுமையான செப்பம் இங்கே நடந்தது. அவ்வாண்டு நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ நாற்பது விமானங்கள் இவ்வாறு உயிர்பெற்றன.

இப்பணியின் எடையை உணரத் தகட்டின் இயல்பை அறியவேண்டும். லிபரேட்டரின் தோல் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ரிவெட்டுகள் அதை எலும்புக்கூட்டுடன் பிணைத்தன. அத்தோல் வெறும் போர்வையன்று. பறக்கும்போது எழும் விசையில் ஒரு பங்கைத் தானே சுமக்கிறது. ஆகவே ஓட்டையை மூடினால் மட்டும் போதாது. அறுந்துபோன விசையின் பாதையை மீண்டும் இணைக்கவேண்டும்.

விரிசல் விழுந்த இடத்தில் அதன் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவார்கள். கிழிசலை வெட்டியெடுக்கும்போது மூலைகளை வளைவாக விடவேண்டும்; கூர்மூலை புது விரிசலுக்கு வித்து. பழைய ரிவெட்டின் தலையை மட்டும் துளையிட்டு நீக்கவேண்டும். துளை அகன்றால் அடுத்த அளவு ரிவெட் தேவைப்படும். ஒட்டுத் தகடு அதே கலவையில், அதே தடிமனில் அல்லது ஒருபடி கூடுதலாக இருக்கவேண்டும். அளவுமீறித் தடித்த ஒட்டும் தீங்கே: அது வளையாமல் விறைத்து நின்று, சுமையைத் தன் விளிம்பிலுள்ள பழைய தகட்டின்மேல் தள்ளிவிடும். விளிம்பிலிருந்து ரிவெட்டின் நடுப்புள்ளி அதன் விட்டத்தைப்போல் குறைந்தது இருமடங்கு தள்ளியிருக்கவேண்டும். வலிமை மிக்க சிலவகை ரிவெட்டுகளை வெப்பமூட்டிக் குளிர்வித்தபின் பனிப்பெட்டியில் வைத்திருந்து, எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்தாகவேண்டும், தாமதித்தால் இறுகிவிடும். வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியை அழுத்த, உள்ளே மற்றொருவர் எஃகுக் கட்டையை அணைத்துப் பிடிக்க, ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே இருவரும் ஒரே தாளத்தில் இயங்குவர்.

உருவாக்கத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. டெட்ராய்ட்டுக்கு அருகிலிருந்த ஃபோர்டின் வில்லோ ரன் ஆலை, உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ மணிக்கொரு லிபரேட்டரை வெளியேற்றியது. அங்கு அச்சும் அளவும் முன்பே வகுக்கப்பட்டிருந்தன. பெங்களூரிலோ ஒவ்வொரு விமானமும் வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு விதமாகக் குலைந்திருந்தது. எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்பது ஒவ்வொரு தகட்டின்முன் நின்று எடுக்கவேண்டிய முடிவு. வடிவமைப்பாளர் வரைந்ததைச் சிதைவிலிருந்து மீட்டுப் படிக்கும் அறிவு அது. கையெழுத்துச் சுவடியின் செல்லரித்த இடத்தை ஊகித்து நிரப்பும் பதிப்பாசிரியரின் பணிக்கு அது நெருக்கமானது.

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்பையே துரத்துகிறது, பயன்பாட்டையும் பராமரிப்பையும் மறக்கிறது என்பது டேவிட் எட்ஜர்டன் போன்ற வரலாற்றாசிரியர்களின் வாதம். இந்தியச் சூழலில் அவ்வாதத்துக்கு ஒரு கூர்மை கூடுகிறது. செப்பனிடும் நாடு இரவல் தொழில்நுட்பத்தில் வாழ்கிறது, உருவாக்கும் நாடே தற்சார்புடையது என்ற பிரிவினை இங்கு ஆழப் பதிந்திருக்கிறது. வறுமையே செப்பனிடத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. அதைப் பெருமையாகப் புனைந்துரைக்க வேண்டியதுமில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அதே ஆலை உலோக ரயில் பெட்டிகளையும் பேருந்துக் கூடுகளையும் கட்டியது. 1951இல் எச்டி-2ஐப் பறக்கவிட்டது. தகட்டறிவு ஒன்றே, அது ஒட்டிலிருந்து உருவத்துக்கு நகர்ந்தது.

லிபரேட்டர்கள் 1968 வரை இந்தியாவில் பறந்தன. உலகெங்கும் 18,000க்கும் மேல் கட்டப்பட்ட அவ்வகையில், இன்று அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள சிலவற்றில் பல, இந்திய விமானப்படையிலிருந்து சென்றவை. பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 1974இல் சென்றதும் அவற்றுள் ஒன்று. அழிக்க ஒதுக்கியவர்களின் நாடே பின்னாளில் அதை நினைவுச்சின்னமாகப் பெற்றுக்கொண்டது.

ஒரு விமானத்தின் வரிசை எண் அதைக் கட்டிய ஆலையின் பெயரைச் சொல்லிவிடும். அதில் ஒட்டுத் தகடு வைத்தவரின் பெயரை எந்த எண்ணும் சொல்லாது. ஆயினும் அவர் அடித்த ரிவெட் வரிசை அங்கேயே இருக்கிறது. ஆவணக் காப்பகத்தைத் தாண்டிப் பொருளையே சான்றாகப் படிக்கத் துணியும் ஆய்வு மாணவருக்கு, ஹெப்பகோடியைச் சுற்றியுள்ள தொழில்நிலத்தின் முன்வரலாற்றில் இன்னும் எழுதப்படவேண்டிய பக்கம் அதுவே.