நேர்மாறு முக்கோணவியல் மதிப்புகளும் செங்கோண முக்கோணமும்

ஒரு குறுங்கோணத்தின் சைன் 3/5 என்றால் அதன் கொசைன் என்ன? இதற்கு விடை காண அக்கோணம் எத்தனை பாகை என்று தெரிய வேண்டியதில்லை. எதிர்ப்பக்கம் 3, கர்ணம் 5 என ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தால் பித்தாகரசு தேற்றப்படி அடுத்துள்ள பக்கம் 4 ஆகிறது. எனவே கொசைன் 4/5, டேன்ஜென்ட் 3/4. அட்டவணையில் கோணத்தைத் தேடினால் 36.87 பாகை என்ற தோராய மதிப்பே கிடைக்கும். முக்கோணமோ சரியான விடையைத் தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இது நேர்மாறு முக்கோணவியல் சார்புகள் என்னும் பாடத்தில் வருகிறது. குறியீடு புதியது, முறை மிகப் பழையது.

ஆரியபட்டர் (பிறப்பு 476) கோணத்தின் சைனுக்குப் பதிலாக அரை நாணின் நீளத்தைக் கையாண்டார். அதற்கு ஜ்யா என்று பெயர். வட்டத்தின் சுற்றளவு 21,600 கலைகள் எனக் கொண்டால் ஆரம் ஏறக்குறைய 3438 கலைகள். ஜ்யா, கோடிஜ்யா, ஆரம் மூன்றும் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள்; ஆரமே கர்ணம். ஆகவே ஜ்யா தெரிந்தால் கோடிஜ்யா வந்துவிடும். 30 பாகைக்கு ஜ்யா 1719. 3438-இன் வர்க்கத்திலிருந்து 1719-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 2977.4 கிடைக்கிறது. ஆரியபட்டர் தந்துள்ள ஜ்யா வித்தியாசங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சென்றால் 60 பாகைக்கு 2978 வருகிறது. முழு எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது சிறிய செயல் அன்று.

கோணத்தை அளக்காமலே அதனோடு கணக்குப் போடும் இவ்வழி பிற்காலத்தில் பெரிய பலன் தந்தது. 1706-இல் இங்கிலாந்தின் ஜான் மேச்சின் பை எண்ணின் மதிப்பை 100 தசம இடங்கள் வரை கண்டார். டேன்ஜென்ட் 1/5 ஆக உள்ள கோணத்தை இரட்டித்தால் டேன்ஜென்ட் 5/12. மீண்டும் இரட்டித்தால் 120/119. இது 1-ஐவிடச் சற்றே அதிகம். அதாவது கோணம் 45 பாகையைச் சற்றே தாண்டுகிறது. அந்த மிகுதிக் கோணத்தின் டேன்ஜென்ட் சரியாக 1/239. எங்கும் பாகைக் கணக்கு இல்லை. 1/5, 1/239 இரண்டும் சிறிய எண்கள் என்பதால் நேர்மாறு டேன்ஜென்ட் தொடரில் இட்டால் விரைவில் விடை கிடைக்கிறது. அத்தொடரைக் கேரளக் கணித மரபு மாதவருக்கு உரியதாகச் சொல்கிறது.

சைனுக்கு மேல் −1 இடும் குறியீட்டை 1813-இல் ஜான் எர்ஷல் முன்வைத்தார். சைன் வர்க்கம் என எழுதினால் சைனின் சைன் என்றே பொருள் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் குறியீடு நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. இன்று சைன் வர்க்கம் என்பது பெருக்கல். சைன் மேல் −1 மட்டும் தலைகீழ் எண் அன்று. மாணவர் அதை 1/சைன் என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

முக்கோணத்துக்கும் ஒரு குறை உண்டு. பக்க நீளங்கள் மிகை எண்களே. குறியை அது சொல்லாது. கொசைன் −3/5 எனில் நேர்மாறு கொசைன் தரும் முதன்மைக் கோணம் இரண்டாம் காற்பகுதியில் அமையும். முக்கோணத்தை 3, 4, 5 என்றே வரைந்து, பிறகு குறியிட வேண்டும்: சைன் 4/5, டேன்ஜென்ட் −4/3.